உதாரணத்துக்கு ஒரு தாய்

திருக்கோகர்ணம்,
2.8.2024

அன்பு மகன் அருள்மணிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். மலைமேல் மழை பிடித்திருக்கும். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். உங்கள் புத்த விகாரையில் போன் கிடையாது, பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் கடிதங்களைக் கையில் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆகவே நிதானமாகவே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் உன் படம் ஓடியது. உன் படம் என்றால் யார் நம்புவார்கள்? அந்த நகைச்சுவை நடிகர் கல்யாண மாப்பிள்ளை கோபாலுவாகவும் அதே மண்டபத்துச் சமையல்காரனாகவும் இரட்டை வேடம் போட, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் இடங்களில் முதுகைக் காட்டி நின்ற டூப் நீ. முகம் ஓரிடத்திலும் வராது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். எந்த முதுகு உன்னுடையது என்று தெரியவில்லை.

அம்மா படுத்தபடியே சொன்னாள்.

"இந்தா, இப்ப நிக்கிறது அருளு."

"எப்படிச் சொல்றே? மூஞ்சியே தெரியலையே."

"மூஞ்சிய வச்சு ஊர்க்காரங்க கண்டுபிடிப்பாங்க. வலது தோளு ஒரு விரக்கடை ஏறியிருக்கு பாருங்க. அடிபம்புல தண்ணி தூக்குன தோளு."

படம் முடிவதற்குள் பதினோரு இடத்தில் உன்னைக் காட்டிவிட்டாள். சரிபார்க்க என்னிடம் விடைக்குறிப்பு இல்லை.

சினிமாவை விட்டு மகாராஷ்டிரத்துக்கு நீ புறப்பட்ட அன்று சொன்னது நினைவிருக்கிறது. "தியேட்டர்ல உக்காந்து பார்த்தேன்ப்பா. எது நான், எது அவருன்னு எனக்கே தெரியலை. அப்ப நான்னு சொல்றது எதை?" என்றாய். இரண்டு வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். நாலாம் வகுப்பில் நீ என்னிடம்தான் படித்தாய். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்பாய். ஜூன் மாதத்தில் அப்படிச் சொன்ன பையனுக்கு முன்பல் இல்லை. மார்ச்சில் சொன்னவனுக்குப் பல் முளைத்து, சட்டையும் பத்தாமல் போயிருந்தது. பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வரி. அந்த வரி பொய்யா? யோசித்து எழுது.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா,
நாகராசு


திருக்கோகர்ணம்,
6.8.2024

அன்புள்ள பெலிக்ஸ் சாருக்கு,

கட்டுமாவடியில் கடல் காற்று எப்படி? காது மெஷின் பழகிவிட்டதா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி விழுவதில்லை. இந்த விஷயத்தை வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லவும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அருள்மணியின் அம்மா பிரகதாம்பாளுக்குச் சாதாரண மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டர் சின்னப் பிள்ளை; என் மாணவன் வயதுகூட இருக்காது. "ரெண்டு மாசம், மூணு மாசம் சார், வலி இல்லாமப் பாத்துக்குங்க" என்றார். ரிசல்ட் சொல்லும்போது குனிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கும் இருக்கிறது.

அருள்மணிக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். காரணம் உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடம் முன்பு திருமயத்தில் பெண் பார்க்க அவனை வரவழைக்க வேண்டி, "அம்மா சீரியஸ்" என்று சென்னைக்கு உங்களைப் போன் பண்ணச் சொன்னோம். திருச்சி வரை நின்றுகொண்டே வந்தான். வாசலில் கோலமும் உள்ளே கேசரியுமாக இருந்தது. அம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். "அந்த வார்த்தைய ஒரு தடவ பொய்யாச் செலவு பண்ணிட்டோம். இனிமே அது நமக்கு இல்லை. அவனா வந்தா வரட்டும்" என்கிறாள்.

அவனாக வரவேண்டும் என்றால் அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். முப்பத்தாறு வருடம் நான் செய்த வேலை அதுதானே. விடையைச் சொல்லாமல் விடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. முயன்று பார்க்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நாகராசு


கட்டுமாவடி,
11.8.2024

நாகராசு சாருக்கு, மரியே வாழ்க.

எனக்கு என்ன சார், கெழட்டுக் கொக்கு மாதிரி கரையில நிக்கிறேன். அக்காவ நெனச்சா சோறு எறங்கல.

நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, சொல்லிப்புடுறேன். ஒங்க வகுப்புல பாதிப் பயலுக விடைக்குப் பக்கத்துலயே நின்னு பெயிலானவனுக. அடுத்த வகுப்புல நான் படம் போடச் சொல்லிக்கிட்டு இருப்பேன், ஒங்க சத்தம் கேக்கும்: "ஒரு ஆட்டுக்காரன் இருந்தான்னு வச்சுக்க." பிள்ளைங்க ஆட்டத் தேடிப் போயிரும், கணக்கு அங்கேயே கெடக்கும். இது கணக்கு இல்ல சார். "அம்மாவுக்கு முடியல, வாடா"ன்னு மூணே வார்த்த. சத்தியத்த மீறுனா சாமி கண்ணக் குத்தாது. குத்துனா நான் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்.

அக்காவுக்கு நண்டு ரசம் ஆகுமான்னு கேட்டு எழுதுங்க. பஸ்ஸுல குடுத்து விடுறேன்.

பெலிக்ஸ்


விகாரை,
20.8.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

நான் சுகமாக இருக்கிறேன். சளி இல்லை. நேற்றுப் பௌர்ணமி, உங்கள் கடிதம் கைக்கு வந்தது. அம்மா பதினோரு இடம் காட்டியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா, கோபாலு யார்? உடம்பு சில இடத்தில் என்னுடையது. முகம் அந்த நடிகருடையது. படப்பிடிப்பில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பாதிக் குரல் வேறொருவருடையது. பெயர் கதாசிரியர் வைத்தது. சிரிப்பு, டிக்கெட் வாங்கி வந்தவர்களுடையது. இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டால் கோபாலு என்று மிச்சம் எதுவும் இல்லை. இங்கே உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று ஐந்து கந்தங்களைச் சொல்கிறார்கள். அவற்றின் கூட்டத்துக்குத்தான் நாம் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம்.

போலீஸ் ஸ்டேஷன் காட்சி நினைவிருக்கிறதா? பெண்ணின் தாய்மாமன்கள் கோபாலுவை அடிக்க வெளியே நிற்கிறார்கள். "ஒங்கள்ல யாருய்யா கோபாலு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் காட்டி "நான் இல்லை" என்கிறார்கள். தியேட்டரே சிரித்தது. எங்கள் ஆசிரியர் இரண்டு வருடமாக எனக்குச் சொல்லிக் கொடுப்பது அந்த வசனத்தைத்தான். நாங்கள் அடிக்குப் பயந்து சொன்னோம். இங்கே பயமில்லாமல் சொல்லப் பழகுகிறோம்.

பதிவேட்டு வரி பொய் இல்லை, அப்பா. உபயோகமான வரி. அவ்வளவுதான். அம்மா கண்டுபிடித்ததும் என்னை இல்லை, தண்ணீர் தூக்கிய ஒரு பையனைப் பற்றிய தன் நினைவை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அருள்மணி என்று கூப்பிடப்பட்டவன்


திருக்கோகர்ணம்,
29.8.2024

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமாயிருப்பது அறிந்து மகிழ்ச்சி. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எடுத்து வைக்கிறானாம்ல ஒவ்வொண்ணா. எடுத்து வச்சவன் யாருன்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

இன்னொரு உதாரணம். கொஞ்சம் பெரியது, பொறுமையாகப் படி. திருமயம் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள். அங்கே ஒரு பெண், வயது அறுபத்து நான்கு. வயிற்றில் தீராத நோய் வந்திருக்கிறது. முதுகுப்பக்கம் துளைத்துக்கொண்டு போகிற வலி. இட்லியில் கால்வாசி தின்றால் அன்றைக்குத் திருநாள். அவளுக்கு ஒரே மகன், தூரத்தில் இருக்கிறான். தான் என்று ஒன்று இல்லை என்று படித்துக்கொண்டிருக்கிறான். நோயைச் சொல்லி அவனை வரவழைக்க அவளுக்கு மனமில்லை. சொல்லாமலே வருவான் என்று வாசல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்கிறாள். வீட்டுக்காரன் சத்தியத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கிறான்.

கேள்வி இதுதான். அந்த மகனுக்கு இது எப்படித் தெரிய வேண்டும்? தெரிந்தால் அவன் என்ன செய்ய வேண்டும்? காலம் அதிகம் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

பதிலை உடனே எழுது. அம்மா கேட்டாள்.

அப்பா


விகாரை,
18.9.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

நலமாக இருக்கிறேன். உங்கள் உதாரணத்தைப் படித்தபோது ஒரு நிமிடம் பயந்தே போனேன். பிறகு முதல் வரிக்குப் போய்ப் பார்த்தேன். "நானும் அம்மாவும் நலம்" என்று இருந்தது. மூச்சு வந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான் செய்வீர்கள். "ஒரு பையன் மாமரத்தில் இருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்" என்று என்னைப் பார்த்தே சொல்வீர்கள். நான் காலைத் தடவிப் பார்ப்பேன். கால் நன்றாகத்தான் இருக்கும்.

உதாரணம் மிக உயர்ந்தது. ஆசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வகுப்பில் எடுத்துக்கொண்டார். இன்று காலை முழுவதும் அந்தத் தாயைப் பற்றித்தான் பேசினோம். "என் தாய்" என்று ஓடினால் அது பற்று, வலியில் இருக்கும் ஓர் உயிர் என்று போனால் அது கருணை என்று ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் பஸ் ஒன்றுதான் என்று ஆசிரியர் சொன்னார்.

மழைக்கால மூன்று மாதமும் நாங்கள் விகாரையை விட்டு வெளியே தங்கக் கூடாது. ஆனால் தாய் தந்தைக்கு நோய் என்றால் ஏழு நாள் போய்வர விதியில் இடம் உண்டு. மற்றவர்களுக்கு அழைப்பு வந்தால்தான் போகலாம். பெற்றவர்களுக்கு மட்டும் அழைக்காவிட்டாலும் போகலாம். ஆகவே உங்கள் உதாரணத்து மகனுக்கு அனுமதி இருக்கிறது. அவன் உடனே புறப்பட வேண்டும். அந்த விதி எனக்குத் தேவைப்படாமல் இருப்பது என் பாக்கியம்.

அக்டோபர் பௌர்ணமியோடு மழைக்காலம் முடிகிறது. பிறகு ஒரு முறை வந்து உங்களைப் பார்க்க அனுமதி கேட்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அருள்மணி என்று கூப்பிடப்பட்டவன்


திருக்கோகர்ணம்,
25.9.2024

அன்பு மகனுக்கு,

நான் நலம்.

உன் பதில் முழுதும் சரி. நூற்றுக்கு நூறு. அந்த மகன் உடனே புறப்பட வேண்டும். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தை முதலில் இருந்து இன்னொரு தடவை படி.

அப்பா


திருக்கோகர்ணம்,
26.9.2024

அன்புள்ள பெலிக்ஸ் சாருக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நண்டு ரசம் வந்தது. ஒரு வாய் குடித்தாள். வாசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள்.

அருள்மணியின் கடிதத்தை அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தேன். மறைத்து வாசிக்கத்தான் நினைத்தேன். நாற்பது வருடம் என்னோடு இருந்தவள். நான் ஒரு வரியைத் தாண்டினாலே மூச்சில் கண்டுபிடித்துவிடுவாள். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த உதாரணத்துல வர்ற பொம்பள யாருங்க?" என்றாள்.

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா அவளுக்கு வேற எதாச்சும் வலியக் குடுத்திருக்கலாமுல்ல? என் முதுகு வலியத் தூக்கியா குடுப்பீங்க?"

சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், நிறுத்திக்கொண்டாள். சத்தியத்தை விட்டுக்கொடு என்று கேட்டேன். "எம்புட்டு சந்தோசமா எழுதியிருக்கான் பாருங்க. நாலு பேரு முன்னால அவன் அப்பா பேரச் சொல்லிப் பாடம் நடந்திருக்கு. அதக் கெடுக்கவா?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏழு நாளு விடுறாங்களாம்ல" என்று மெதுவாகச் சொன்னாள். அது எனக்காகச் சொன்னது அல்ல.

சார், நேற்று அவனுக்கு எழுதியபோது "நானும் அம்மாவும் நலம்" என்று எழுதவில்லை. "நான் நலம்" என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை, சத்தியத்தை மீறியதும் இல்லை. விட்டுப்போன வார்த்தையைப் பிடிக்கும் பயிற்சியை நாலாம் வகுப்பிலேயே அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்புக. அதில் அவன் ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை.

பௌர்ணமி பதினேழாம் தேதி. அதுவரை தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். குனிந்துகொண்டார்.

நாகராசு


கட்டுமாவடி,
2.10.2024

தம்பி அருள்மணிக்கு, மரியே வாழ்க.

நான் பெலிக்ஸ் வாத்தியார் எழுதுறேன். ஒனக்கு ட்ராயிங் எடுத்தவன். சுகமான்னு கேக்க நேரம் இல்ல.

ஒங்கப்பா எழுதுனது உதாரணம் இல்ல தம்பி. அந்தப் பொம்பள ஒங்கம்மா. கணையத்துல புத்துநோய். ஆடி மாசமே தெரியும். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிருச்சு. அந்த மனுசன் சத்தியத்தையும் மீற மாட்டாம, ஒன்னையும் விட மாட்டாம உதாரணம் உதாரணமா எழுதிக்கிட்டுக் கெடக்காரு. ரெண்டு மாசமா அம்மாவும் நலம்னு எழுதிப்புட்டு, பின்னாலயே சாகக் கெடக்குறவள உதாரணமாக் காட்டுனா யாரு நம்புவா? ஒன்மேல தப்பு இல்ல.

நான் சொல்றதயும் நீ நம்ப மாட்டே. அன்னைக்கு மெட்ராஸுக்குப் போன் பண்ணி "அம்மா சீரியஸ்"னு ஒன்ன ஏமாத்துன குரலு என்னுதுதான். அந்தப் பாவத்தத் தலையில வச்சுக்கிட்டே சொல்றேன், இது நெசம். வந்து பாத்து, பொய்னா என்னச் செருப்பால அடி. அடி வாங்கத் தயாரா இருக்கேன். பொய்யா இருக்கணும்னுதான் தம்பி எனக்கும் ஆச.

மேல அவசரம்னு கொட்டை எழுத்துல செவப்பு மையில எழுதியிருக்கேன். கைக்குக் கெடச்ச நிமிசமே கெளம்பு.

பெலிக்ஸ்


திருக்கோகர்ணம்,
25.10.2024

அன்புள்ள பெலிக்ஸ் சாருக்கு,

சாவுக்கு வந்து சுடுகாடு வரை நின்றீர்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுத வேண்டும் என்று நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

பதினைந்தாம் தேதி அவள் போனாள். மறுநாள் கொள்ளி வைத்தது அவள் தம்பி மகன் கண்ணன் என்பது உங்களுக்குத் தெரியும். குடம் உடைத்து, சிதைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக நெருப்பை வைத்தானே, அப்போது தூரத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் "அருள்மணி வந்துட்டானா?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாது.

அவன் இருபதாம் தேதி வந்தான். துவராடையும் மொட்டைத் தலையுமாக வாசலில் நின்றவனைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் செவந்தி, "சாமி, இது எழவு வீடு, அடுத்த தெருவுல கேளுங்க" என்றது. கருமாதிக்கு ஏற்பாடு பேச வந்திருந்த நாவிதர் அவன் தலையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு என் வேலை மிச்சம்" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்குவது கடினம். அவனும் சிரித்தான் சார். அப்போதுதான் என் மகன் என்று எனக்குத் தெரிந்தது. அவளாக இருந்தால் தெருமுனையிலேயே தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதியே விகாரைக்குப் போயிருக்கிறது. அவசரம் என்று அழகாகத் தமிழில் எழுதியிருந்தீர்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். சிவப்பு மையில் யாரோ வாழ்த்து எழுதியிருக்கிறார்கள் என்று மற்றக் கடிதங்களோடு பெட்டியில் வைத்துவிட்டார்கள். பதினேழாம் தேதி என் கடிதத்தையும் உங்கள் கடிதத்தையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அவனைக் கேட்டேன். "நான் நலம்னு மட்டும் எழுதியிருந்தேனே. அதைப் பார்த்துமா தெரியலை?"

"ஒங்க கடுதாசியத்தான் மொதல்ல பிரிச்சேன். நான் நலம்னு இருந்துச்சு. நான்னு ஒண்ணு இல்லைன்னு சொன்னேன்ல, அதுக்கு அப்பா எதிர்ப்பாட்டுப் பாடுறாரு, நான்னு ஒண்ணு இருக்கு, அது நலமாவும் இருக்குன்னு சொல்றாருன்னு நெனச்சு..." என்று நிறுத்தினான். "சிரிச்சேன்ப்பா. பக்கத்துல இருந்தவருக்கும் சொல்லிச் சிரிச்சேன். அதுக்கப்புறந்தான் பெலிக்ஸ் சார் கடுதாசிய எடுத்தேன்."

கோடிட்ட இடத்தை அவன் தப்பாக நிரப்பவில்லை சார். அங்கே ஒரு கோடு இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கோடு போட மறந்தது நான்.

பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டான். "அம்மா என்னைக் கேட்டுச்சா?"

நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த நாளில் இருந்து கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு என்ன வந்ததோ. இனிமேல் எதையும் சுற்றி வளைக்கக் கூடாது என்று அதற்கு முந்தின நிமிடம்தான் முடிவு செய்திருந்தேன்.

"கேட்டா. பத்தாம் தேதிலேர்ந்து அது ஒண்ணுதான் கேட்டா. பால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலும் அருளான்னு கேட்டா. வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். எங்க வர்றான்னு கேட்டா. திருச்சின்னேன். மறுநாளும் கேட்டா. மறுநாளும் திருச்சின்னுதான் சொன்னேன். இன்னுமா திருச்சியிலயே நிக்கிறான்னு கேட்டா. அதுதான் கடைசியாப் பேசினது."

ஒரு உதாரணம் சொல்லியிருக்கலாம். ஒரு தாய் இருந்தாள் என்று வைத்துக்கொள், அவள் கடைசியில் நிம்மதியாகத் தூங்கினாள் என்று வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். என் உதாரணங்களை நம்பி வளர்ந்த பிள்ளை.

அவன் விகாரைக்குத் திரும்பிப் போகவில்லை. கேட்டு வாங்கி வந்த ஏழு நாள் முடிந்துவிட்டது. இங்கே இருக்கிறான் என்றும் சொல்ல முடியவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இன்னொரு தடவை கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.

முப்பதாம் தேதி கருமாதி. முடிந்தால் முதல் நாளே வாருங்கள். நீங்கள் வந்தால் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். வீட்டில் ஒரு சத்தம் கேட்கும்.

நாகராசு